சனிக்கிழமைத் தண்ணீர்

மூன்றாவது சொட்டு விழுந்ததும் தண்ணீர் அடர்ந்த ரோஸ் நிறமாகிவிட்டது.

எதிரே நின்றவள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே, இந்த வாரமும் அமோனியா கொஞ்சம் அதிகமா என்று கேட்டாள்.

அதிகமாவா! இந்தத் தண்ணீரில் ஒரு மீன் அரை மணி நேரம் தாங்காது. ரோஸ் நிறம் என்றால் குளோரின். நேற்றிலிருந்து தெருக் குழாயில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். காலையில் கடைத் தொட்டிகளுக்கு எல்லாம் குளோரின் பார்த்தேன். பார்த்த கையோடு இவள் கொண்டுவந்த தண்ணீரிலும் அந்தச் சோதனை மருந்தை மூன்று சொட்டு விட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

இவள் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கணவர் தவறி ஆறு வருடமாகிறது. இது நான் கேட்டதல்ல, என் அக்கா விசாரித்து வைத்திருப்பது. மீன், கிளி, பூனைத் தீனி என்று இந்தக் கடை முழுக்க அக்காவுடையது. தொட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு வயதாகியும் என்னைப் பார்த்துக்கொள்வது அக்காதான்.

ஒன்பது சனிக்கிழமைகளாக, மதிய இடைவேளையில், ஒரு ஜாம் பாட்டில் நிறையத் தொட்டித் தண்ணீரோடு வருகிறாள். வீட்டில் இரண்டு தங்கமீன்களாம். பெரியவன், சின்னவன். பெரியவனுக்கு எந்நேரமும் வயிற்று நினைப்பு. சின்னவன் ரோஷக்காரன், கோபம் வந்தால் ஒரு மூலையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பானாம். இதையெல்லாம் அவள் சொல்வது, மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அமோனியாவைச் சோதிக்கக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, இரண்டு மருந்தையும் சொட்டிக் குலுக்கி வைத்தால், நிறம் தெரிய ஐந்து நிமிடம் ஆகும். மஞ்சளாகவே நின்றால் நல்ல தண்ணீர். பச்சை தட்டினால் ஆபத்து. என்னைக் கேட்டால் வாரம் என்பதே அந்த ஐந்து நிமிடம்தான். சில நாள் கடிகாரத்தைப் பார்க்க மறந்த மாதிரி அதைப் பத்தாக்கியும் இருக்கிறேன்.

முதல் வாரமே பளிச்சென்று மஞ்சள். நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் எதற்கு வருவாள்? லேசாகப் பச்சை தெரிகிறது, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். போன வாரம் வரை அதே புளுகு. அவளும் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆமாம், லேசாகத் தெரிகிறது என்பாள். நாளெல்லாம் லென்ஸில் கீறல் தேடுகிற கண்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கேடும் இல்லை, உனக்குத்தான் பித்தம் தலைக்கேறியிருக்கிறது என்று அக்கா ஒரு நாள் கல்லாவிலிருந்து சொன்னாள். நான் வலையை எடுத்துக்கொண்டு கடைசித் தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

குளோரின் போகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். மீன் வாங்க வருகிற குழந்தையிடம்கூட இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். இவளிடம் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இவள் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொழிலா ஞாபகம் இருக்கிறது?

நேற்று ராத்திரி தண்ணீரை மாற்றினேன், இதைக் காலையில் எடுத்தேன் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் என் சனிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த இரண்டும் போய்விடும், இந்நேரம் போயே போயிருக்கும். வாயில்லா ஜீவன்கள். என் ஆசைக்கு அவை என்ன பாவம் செய்தன?

குளோரினை முறிக்கும் மருந்தை அலமாரியிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“உங்க தண்ணியில எப்பவுமே ஒரு குறையும் இல்லங்க. நீங்க வரணும்னு நான்தான் பொய் சொன்னேன். மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லி இன்னிக்கு விஷத்த ஊத்த வச்சுட்டேன். உடனே வீட்டுக்குப் போயி இதுல பத்துச் சொட்டு விடுங்க.”

கல்லாவில் அக்கா சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் மருந்தைத் தொடவில்லை. நகரவும் இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் காது வரை சிவந்துபோய் நின்றாள்.

“செத்துப்போச்சா?” என்றேன்.

“இருந்தாத்தானேங்க சாகறதுக்கு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தேன்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“தண்ணி கொண்டுவந்தா பாத்துச் சொல்றோம்னு வெளியே போர்டுல போட்டிருந்துச்சு. வேற என்ன சாக்குச் சொல்லி உள்ள வர்றதுன்னு எனக்குத் தெரியல. அதான், எங்க கடைக் குழாயில புடிச்சுக்கிட்டு வந்தேன்.”