அழிந்த படம்

மழை இருட்டிய மத்தியானம். மாத்தளைப் பஸ் நிலையத்துக்கு எதிரே, பலீல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில், இன்டர்நெட் பார்க்கும் கம்பியூட்டர்த் திரையில், மோகனராஜ் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘தேடப்படும் சந்தேக நபர்’ என்ற எழுத்துக்குக் கீழே, தேர்த் திருவிழாவில் எடுத்த அவன் படம் பட்டைத் திருநீற்றோடு சிரிக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் ஆள் மாறிவிட்டது, அழித்துவிட்டோம் என்று காலையிலேயே செய்தித் தளத்துக்காரர்கள் போனில் சொன்னார்கள். மறுபடி ரிஃப்ரெஷ் பண்ணுகிறான். லைன் இழுத்து இழுத்து, மேலிருந்து கீழாகத் திருநீறு, மூக்கு, அதே சிரிப்பு. பலீல் நானா எட்டிப் பார்க்கிறார். “அவங்க அழிச்சிட்டாங்க தம்பி. ஆனா இது அங்கயிருந்து வரல்ல. பக்கம் கெதியா, சட்டுனு திறக்கணும்னு பல ஊர்க் கம்பியூட்டர்கள்ல கொப்பி வச்சிருக்காங்க. நமக்குக் கிட்ட உள்ளது இன்னும் பழைய கொப்பியத்தான் குடுக்குது.” “எப்ப நானா மாறும்?” “அந்தக் கொப்பிக்கு வச்ச நேரம் முடியணும்.” கண்ணாடிக்கு வெளியே, பஸ்ஸிலிருந்து இறக்கியவர்களைப் பொலிஸ்காரர்கள் வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அவன் போக வேண்டிய ரத்தோட்டை பஸ் உறுமுகிறது. அதில் ஏற அந்த வரிசையைத் தாண்ட வேண்டும். பலகைத் தடுப்புக்கு அப்பால், அடுத்த மேசையில், நனைந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து உட்காருகிறார். மவுஸ் டிக்கென்கிறது. பலகை இடுக்கில் தெரியும் அவர் திரையில், மேலிருந்து கீழாக, திருநீறு பூசிய ஒரு நெற்றி மெல்ல இறங்கி வருகிறது.