கொஞ்சம் சத்தமா

வங்கி திவாலான செய்தி வந்ததிலிருந்து மேனேஜருக்குத் திட்டு வாங்குவது பழகிவிட்டது. டிரம்பெட் சத்தம்தான் பழகவில்லை.

அவருடைய அறை ஜன்னலை ஒட்டி, நடைபாதையில் நின்று அந்த ஆள் காலையிலிருந்து ஊதிக்கொண்டிருந்தார். துக்க வீடுகளுக்கு வாசிக்கப் போகிற பேண்டுக்காரர். அவருடைய சேமிப்பும் இதே கிளையில்தான் மாட்டியிருந்தது.

"வங்கிக்குக் கடைசி மரியாதை பண்றார் போல சார்," என்றார் கேஷியர்.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை மேல் செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். தங்கை விடாமல் கூப்பிடுகிறாள், எடுக்கத் தைரியமில்லை. புருஷன் போனபின் கைக்கு வந்த பணம் முழுவதையும் 'எங்க அண்ணன் பேங்க்' என்று இங்கேதான் போட்டிருந்தாள்.

ஊதுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊதுகிற நேரம்தான் ரத்தம் கொதிக்க வைத்தது. யாராவது உள்ளே வந்து, "இப்ப எடுக்க முடியாதுங்க, எப்ப முடியும்னு எனக்கே தெரியாது" என்ற பதிலைக் கேட்டு முகம் கோணும்போது பார்த்துத் தம் கட்டி ஊதினார். ஆள் எழுந்து போனதும் அடக்கி வாசித்தார்.

மேனேஜர் ஜன்னலைத் திறந்தார்.

"யோவ், அவங்கவங்க வயிறு எரிஞ்சு வர்றாங்க. உனக்குக் கச்சேரி கேக்குதா?"

"சரிங்க சார்," என்று வாத்தியத்தை இறக்கிவிட்டார். இவ்வளவு சுலபமாக அடங்கியது மேனேஜருக்கே சப்பென்று இருந்தது.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. பதிலைக் கேட்டதும் பெரிதாக விம்மிவிட்டார்.

அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. ஹாலில் பேச்சு நின்றது. வரிசை மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது. நர்ஸம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மிச்ச அழுகையை விழுங்கினார். "மன்னிச்சுக்குங்க தம்பி" என்று மேனேஜரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

"இதுக்காகத்தான் ஊதினீங்களா?"

"துக்க வீட்டுல எங்க வேலையே அதானே சார். ஒருத்தர் உடையறது தெரிஞ்சா சத்தத்தை ஏத்திடணும். அடுத்தவங்க காதுல விழாதுன்னாதான் மனுஷன் வாய்விட்டு அழுவான்."

செல்போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்துவிட்டார்.

"அண்ணா, சாப்பிட்டியா?" என்றாள் தங்கை. "காலையிலேர்ந்து எல்லாரும் உன்னைப் பிடுங்கி எடுத்திருப்பாங்களே. எனக்கு உன் மேல வருத்தம் ஒண்ணும் இல்லண்ணா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். முதல்ல போய்ச் சாப்பிடு."

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்த மனிதருக்கு இதைத் தாங்கும் வழி தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் சத்தமா வாசிங்க."

டிரம்பெட்காரர் எக்கி உள்ளே பார்த்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"யாருக்கு சார்? உள்ள ஒருத்தரும் இல்லையே."

"நான் இருக்கேனே," என்றார் மேனேஜர்.