சமாதானக் கடிதத்தில் ஒரு சொல்

“சும்மா ஒரு மனக்கசப்பு, அவ்வளவுதானே? சைன் ஹாக்கிட்டு நாளைலேர்ந்து வேலைக்கு வாம்மா” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, கையெழுத்துக்காகக் காகிதத்தை மேசைமேல் தள்ளினார் பராசரன்.

விஜயநகரின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கச் செயலாளர்.

அங்கே நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவள் பாக்கியலட்சுமி. சென்ற திங்களன்று, வீங்கிய முழங்காலோடு லிப்டில் ஏறியவளை, வேலைக்காரர்களுக்குப் படிக்கட்டு இருக்கிறதென்று கையைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளியவரும் அவர்தான்.

அவள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். அன்றே நான்கு கதவுகளும் அவளுக்கு மூடிக்கொண்டன.

“மனக்கசப்புன்னா ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கணும் சார். நான் வாயே தொறக்கலியே.”

எவ்வளவு வசதியான சொல்! தள்ளியவனையும் விழுந்தவளையும் ஒரே தட்டில் வைத்து, குற்றத்தை மட்டும் காணாமற்செய்துவிடுகிற சொல். எத்தனை சமாதானக் கூட்டங்கள் எத்தனை பேருடைய நீதியை அந்த ஒரு சொல்லால் துடைத்தெறிந்திருக்கின்றன!

தனக்குப் படிக்கத் தெரிந்த தமிழில் எழுதினால்தான் கையெழுத்து என்று பாக்கியலட்சுமி முன்பே சொல்லியிருந்தாள். பராசரன் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து ஒன்றுகூட அறியாதவர்.

ஆகவே அவர் சொல்லச்சொல்ல எழுதியவள், கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவர் மனைவி ஸரஸா. எழுதியதை அவருக்கு உரக்கப் படித்தும் காட்டியிருந்தாள்: ‘எங்களுக்குள் ஏற்பட்ட மனக்கசப்பு நீங்கியது.’

திருப்தியோடு அவர் முதலில் கையெழுத்திட்டு, சங்க முத்திரையும் குத்தியிருந்தார்.

பாக்கியலட்சுமி காகிதத்தை எடுத்துப் படித்தாள். மறுபடியும் முதல் வரிக்குப் போனாள்.

நிமிர்ந்தாள்.

ஸரஸா பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். “படிச்சுட்டியோன்னோ? எல்லாம் சரியா இருக்கா?”

“சரியா இருக்கும்மா.” பாக்கியலட்சுமி கையெழுத்திட்டாள். “எனக்கு ஒரு ஜெராக்ஸ் காப்பி மட்டும் வேணும்.”

“ஏன்னா, ரெண்டா எடுத்துண்டு வாங்கோ” என்றாள் ஸரஸா. “ஒண்ணு லிப்ட் பக்கத்துல ஒட்டணும்.”

வேலை சுலபமாக முடிந்த மகிழ்ச்சியில் பராசரன் தாமே நகலெடுக்கக் கிளம்பினார்.

அவர் கையிலிருந்த தாளில் மனக்கசப்பு என்ற சொல்லே இல்லை.

‘பாக்கியலட்சுமியை லிப்டிலிருந்து இழுத்துத் தள்ளியது என் குற்றம். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி இந்த லிப்ட் எல்லாருக்கும் பொது. இப்படிக்கு,’

அதன்கீழே, சங்கத்தின் முத்திரையோடு, அவருடைய கையெழுத்து.