ஒரு நிமிடத்துக்கு முன்பு

சர்வரின் வன்வட்டில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அதில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு முடியப்போகிறது என்று காலையிலிருந்து சர்வர் கத்திக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிரல் தொகுப்புகளும் அதில்தான். ஒவ்வொரு திருத்தமும் இரண்டு மூன்று பொடிக் கோப்புகளைப் போட்டுவிட்டுப் போகும்.

"பிடிச்சிட்டேன்க்கா," என்று ரெபேக்காவிடம் வந்து நின்றான் முத்துராஜ். "எட்வின் சாரோட தொகுப்புலதான் குவிஞ்சிருக்கு. நிமிஷத்துக்கொரு தடவை ஒரு புள்ளி வைக்கிறதும் அழிக்கிறதுமா, யாரோ ஸ்கிரிப்ட் எழுதி விட்டிருக்காங்க. அவரு இறந்தே மூணு வருஷமாச்சு, எந்தக் கிறுக்கு பண்ண வேலையோ..."

ரெபேக்கா எட்வினின் மனைவி. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நீங்களே பாத்துக்கங்கக்கா. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

லட்சக்கணக்கான அந்தப் பொடிகளை ரெபேக்கா ஒரே கோப்பாகக் கட்டினாள். சர்வரின் கத்தல் ஓய்ந்தது. ஆனால் அவள் எழுதிவிட்ட ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவைத்தால் மறுபடி நிரம்பிவிடும். கடைசியில் நிறுத்தினாள்.

பிறகு தொகுப்புகளின் பட்டியலைத் திறந்தாள். மூன்று வருடமாக எப்போது பார்த்தாலும் எட்வின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஒரே வரிதான் இருக்கும்: 'கடைசி மாற்றம்: ஒரு நிமிடத்துக்கு முன்பு.' இப்போதும் அப்படியே இருந்தது. ரெபேக்கா கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இரண்டு நிமிடம் ஆனபோது, வாயைப் பொத்திக்கொண்டாள்.