பானைச் சில்லில் ஒரு பெயர்

ஏழாம் வகுப்பு மேசையில் உடைந்த பானைச் சில்லுகள் கிடக்கின்றன. பழைய ஏதென்ஸில், ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவர் பெயரை இப்படிச் சில்லில்தான் கீறிப் போடுவார்கள் என்று கிருஷ்ணவேணி டீச்சர் சொல்லியிருக்கிறாள். "யாரு பேரு வேணும்னாலும் எழுதலாமா டீச்சரே?" என்கிறான் ஷிபு. "எழுதலாம். சும்மா விளையாட்டுதான், கேட்டோ." ஆணிகள் கீறும் ஓசை மெல்ல அடங்குகிறது. ஜன்னல் வெயிலில் டீச்சர் சில்லுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். மலையாளத்தில் பொன்செல்வி, மறுபடியும் பொன்செல்வி. அப்பாவின் துறைமுக வேலைக்காகத் தென்காசியிலிருந்து கேரளத்து விழிஞ்ஞத்துக்கு வந்தவள். வகுப்பில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே பிள்ளை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிய செம்மண் தூளைச் சீருடையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசிச் சில்லிலும் அதே பெயர்தான் இருக்கிறது, தமிழில், குண்டு குண்டான எழுத்தில்.