ரொசிட்டா பேசிவிட்டாள்

கடல் அட்டை ரொசிட்டாவின் உள்ளங்கையில் கிடந்தது.

கருப்பாக, கொழகொழவென்று, வதக்கிய கத்திரிக்காய் போல.

"நல்லாப் பாரு. பாத்தத எல்லாருக்கும் சொல்லு" என்றாள் டீச்சர்.

சொல்வாள் என்ற நம்பிக்கை டீச்சருக்கு இல்லை. ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததில்லை. பெயர் கூப்பிட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டும்.

வகுப்பின் பின்னால் வனத்துறை ரேஞ்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் டப், அதிலிருந்த கடல் தண்ணீர், நட்சத்திர மீன், இந்தக் கடல் அட்டை எல்லாம் அவர் கொண்டுவந்தவைதான். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்த்ததைப் பிறகு கொல்ல மனசு வராது என்பது அவர் கட்சி. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். நல்ல மனிதர். வாசலில் ஜீப்பும் இரண்டு வனக்காவலர்களும் நின்றார்கள்.

வழுவழுன்னு இருக்கு என்றது ஒரு பிள்ளை. கண்ணே இல்லை என்றது இன்னொன்று. ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினான்.

ரொசிட்டா வாயைத் திறந்தாள்.

"அமுக்குனா கொடலத் துப்பும் டீச்சர்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. முழுசாக ஒரு வாக்கியம். இந்தக் குரலைக் கேட்க அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. மிட்டாய்க்கும் மசியாத பிள்ளை, பொம்மைக்கும் மசியாத பிள்ளை, ஓர் அட்டைக்கு மசிந்திருக்கிறது.

சந்தோஷத்தில் கேட்டுத் தொலைத்தாள்.

"அப்பறம்?"

"அப்பறம் வயித்தக் கீறி டிரம்முல வேக வைக்கணும். ஈர மண்ணுல பொதச்சு வைக்கணும். மறுநா தோண்டி எடுத்து மிதிக்கணும். மேல்தோலு சுண்ணாம்பு மாரி உரிஞ்சு வரும். எங்க வீட்டுல நாந்தான் மிதிப்பேன்."

ரேஞ்சரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

அட்டையைப் பிடிப்பதும் காயவைப்பதும் சட்டத்தின் கண்ணில் புலியைக் கொன்ற மாதிரி. ரொசிட்டாவின் அப்பா அதற்காகப் போன மாசியிலேயே உள்ளே போய்விட்டார். வீட்டில் மிச்சம் அம்மா ஒருத்திதான். அவள் கொல்லையில் டிரம் கொதிக்கிற வாடை தெருவுக்கே தெரியும். டீச்சருக்கும் தெரியும். மூக்கைப் பொத்தாமல், ஒன்றும் தெரியாத மாதிரி கடந்து போவதுதான் ஊர் வழக்கம்.

வெளியே போய் வாயைத் திறக்காதே என்று அந்தத் தாய் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். இப்போதுதான் டீச்சருக்கு அது உறைத்தது.

அந்த வாயைத்தான் இவள் பாடுபட்டுத் திறந்து வைத்திருக்கிறாள்.

ரேஞ்சரின் பார்வை ரொசிட்டாவின் பாதங்களுக்குப் போனது. வாசலில் காவலர்களின் பேச்சு நின்றுபோயிருந்தது.

மணி அடிக்கக் கூடாதா. எந்தப் பிள்ளையாவது அழக் கூடாதா. மற்ற நாளில் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று அடித்துக்கொண்டு அழும். இன்றைக்கென்று எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"பொய் சொல்லாத ரொசிட்டா. டிவில எதையோ பாத்துட்டு வந்து இங்க அளக்குற."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன.

ரேஞ்சர் டீச்சரைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"சின்னப் பிள்ளைகதான டீச்சர். கத விடத்தான் செய்யும்."

வாசலுக்கும் கேட்கும்படி சொன்னார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மா தப்பித்தாள். பிள்ளையின் மனசு புண்பட்டிருக்கும், படட்டும். நாளைக்கு மடியில் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு காவலர் டப்பை எடுக்க உள்ளே வந்தார்.

ரொசிட்டா குனிந்து அட்டையைத் தண்ணீரில் விட்டாள். அதற்கு வலிக்காமல் விட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டி நடந்து, ரேஞ்சரின் முன்னால் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது. அழவில்லை.

"பொய் இல்ல சார். வாங்க, காட்டுறேன். இங்கனதான், மாதா கோயிலுக்குப் பின்னாடி."

டப்பைத் தூக்கிய காவலர் அதை மறுபடி கீழே வைத்தார்.

ரேஞ்சர் திரும்பவும் டீச்சரைப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை. இன்னொரு தடவை பொய் என்று சொன்னால் அந்தப் பிள்ளை இன்னும் சத்தமாகச் சொல்லும்.

காவலர் தொண்டையைக் கனைத்தார்.

ரேஞ்சர் எழுந்தார். தொப்பியை எடுத்தார், போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

ரொசிட்டா அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சிரித்த பிள்ளைகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள் நம்புவது.

"நீங்களும் வாங்க டீச்சர்" என்றாள். குரலில் துளி பயமில்லை.