பொம்மைக்குப் பதில்

சோதனைக்கு வைத்திருந்த ஆள் உயரப் பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தர்ஷினியே போய் வண்டி வரும் பாதையின் மஞ்சள் கோட்டில் நின்றாள்.

மணிமேகலை இதை எதிர்பார்க்கவில்லை.

பொம்மைதானே விழப்போகிறது என்றுதான் அவள் இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஓசூர் சிப்காட்டில் கியர் பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்து சேர்ந்த பெங்களூர் விருந்தினர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் ஆர்டர் கொடுப்பதும் கொடுக்காததும் இன்றைக்குப் பார்க்கப்போவதில் இருக்கிறது. ஆளில்லாமல் ஓடும் சரக்கு வண்டி, குறுக்கே மனிதர் வந்தால் தானாக நிற்கும் என்று காட்ட வேண்டும்.

அதை நிரூபித்தவள் தர்ஷினி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இன்னும் இரண்டு தீபாவளி ஆகவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் அந்தச் சோதனை வேலை மணிமேகலையுடையது. ஒரு திருகு மாறினாலும் மொத்த லைனையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

தர்ஷினி வேறு வழி சொன்னாள். ஒவ்வொரு பகுதியும் ஒரு வாக்குக் கொடுக்கட்டும். ஆளைக் கண்டதும் சொல்லிவிடுவேன் என்று சென்சார். சொன்னால் இத்தனை தூரத்துக்குள் நின்றுவிடுவேன் என்று வண்டி. ஒவ்வொரு வாக்கையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டால், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போதும் பிசகாது. ஒன்று மாறினால் அதை மட்டும் திரும்ப நிரூபித்தால் போதும்.

மணிமேகலையைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். யாரும் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை.

மேனேஜர் வெங்கடசாமி டீக் கோப்பையோடு வந்து நிற்கும் மேசை மாறியது. வீட்டில் கணவன் மாதேஷ்கூட, "அந்தப் பொண்ணு இப்ப புதுசா என்ன பண்ணுது?" என்று கேட்க ஆரம்பித்தான். தர்ஷினி அக்கா அக்கா என்று சுற்றிவந்து சாப்பாட்டில் பங்கு கொடுப்பாள். அந்தப் பருப்புத் துவையல் ருசியாக இருந்ததுகூட மணிமேகலைக்கு எரிந்தது.

போன வாரம் வண்டியின் சக்கரங்கள் தேய்ந்துபோயின. அதே மாதிரி கிடைக்கவில்லை. ஸ்டோரில் இருந்த கெட்டியான சக்கரங்களை மாட்டச் சொன்னாள் மணிமேகலை. மாட்டிய பிறகுதான் உறைத்தது. இவை இந்தத் தரையில் வழுக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

வண்டி கொடுத்த வாக்கு இனிச் செல்லாது.

சொல்லத்தான் போனாள். தர்ஷினியின் மேசையருகே வெங்கடசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பெங்களூர்க்காரங்க முன்னாடி நீதாம்மா பேசணும்" என்றார்.

மணிமேகலை திரும்பி வந்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை அவள் கணக்கும் தப்பட்டும். எல்லோரும் பார்க்கப் பொம்மை விழட்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டாள்.

இப்போது அங்கே பொம்மை இல்லை.

வண்டி முழுச் சுமையோடு புறப்பட்டது. தர்ஷினி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மணிமேகலை ஓடினாள். தூணில் இருந்த சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

லைன் மொத்தமும் அடங்கியது. வண்டி குலுங்கி நின்றது.

"என்னம்மா பண்ணிட்ட?" வெங்கடசாமியின் முகம் கறுத்துவிட்டது.

மணிமேகலை பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்குள்ளே ஒரு கர்வம் எட்டிப்பார்த்தது. தர்ஷினி முழுசாக நிற்பது என்னால்.

"நான்தான் சார் அழுத்தச் சொல்லியிருந்தேன்" என்றாள் தர்ஷினி. "அவசரத்துக்கு நிறுத்துறதும் வேலை செய்யுதுன்னு அவங்க பார்க்கட்டுமேன்னு."

விருந்தினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, வெங்கடசாமிக்குச் சிரிப்பு திரும்பியது. மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். இந்த முறை பட்டனைத் தொடாமல்.

தர்ஷினி கோட்டுக்குத் திரும்பினாள். மணிமேகலை பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போகாத தர்ஷினி. சக்கரம் மாத்திருக்குது. நிக்காது."

தர்ஷினி அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. மாட்டின அன்னைக்கே பார்த்துட்டேன். வண்டிக்கு மட்டும் திரும்பக் கணக்குப் போட்டு, வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்."

பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பொம்மையை எடுக்கிறப்பகூட உங்களத்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அவள் கோட்டில் போய் நின்றுவிட்டாள்.

வண்டி புறப்பட்டது.

இந்தத் தடவை மணிமேகலை கண்ணெடுக்காமல் பார்த்தாள். வழக்கமாக வருவதைவிட மெதுவாகத்தான் வந்தது. தர்ஷினிக்கு வெகு முன்னாலேயே, யாரும் தொடாமல், சத்தமில்லாமல் நின்றது.

முதல் தடவையும் இப்படித்தான் வந்து தானாக நின்றிருக்கும்.